மடித்துச் செருகிய அட்டை

டைப் அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் நட்டு, போல்ட்டு என்று ஒழுங்காக முடுக்குகிற மனுஷன், வீட்டுக்குள் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார். அட்டை. மேஜை ஆடினால் காலுக்கடியில் மடித்த அட்டை. ஜன்னல் தடதடத்தால் இடுக்கில் அட்டை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் வீட்டையே அட்டைமேல் தூக்கி நிறுத்தியிருப்பார். இருக்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அக்கா அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். யார் வீட்டுத் துக்கம் என்று வெளியாளுக்குக் குழம்பியிருக்கும். எல்லாரும் போனபின் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே இல்லை. அட்டைகளையெல்லாம் குப்பையென்று கூட்டித் தள்ளினாள். மேஜை ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று அதிலேயே உட்கார்ந்து டைப் அடித்தாள்.

மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. சோறு இறங்கவில்லை, தூக்கம் ஒட்டவில்லை, விரல் மட்டும் ஓடியது. இப்போது லேப்டாப்பில் இருந்தது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிற ஒரு பெண் போனில் சொல்லச் சொல்ல அடித்த ஆய்வேடு. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். வேறு நகல் கிடையாது. நகல் எடுத்து வைப்பது புருஷனின் வேலையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அந்தக் கிழட்டு லேப்டாப்பின் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. இதற்கு முன்பெல்லாம் அவர்தான் கழற்றித் தூசி தட்டுவார். அக்கா அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடிமூடியைக் கழற்றினாள். பிரஷ் போட்டுத் துடைத்தாள், குப்பையைத் தட்டினாள், மூடினாள். ஸ்விட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரி.

தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"உன்ன யாருக்கா அதக் குளிப்பாட்டச் சொன்னது?" என்றாள் தங்கச்சி.

அக்கா அதைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர், லேப்டாப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். எஸ்எஸ்டிக்கான இடம் காலி. பிறகு மூடியைக் கழற்றினார். சூயிங்கம் பட்டை அளவில் இருந்தது அந்த எஸ்எஸ்டி. எழுதியதெல்லாம் தங்குகிற இடம் அதுதான். உருவினார், முனையை ரப்பரால் தேய்த்தார், திரும்பச் செருகினார். காலிதான்.

போய்விட்டது போலிருக்கிறது, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். உள்ளே இருப்பது வருமா என்று அக்கா கேட்டாள். வராது என்றார். அக்கா சரி என்றாள். மழை வருமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல.

மறுபடி செருகும்போது அதன் வால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கடைக்காரர் ஏதோ தோன்றி, கட்டைவிரலால் அதை அழுத்தியபடியே ஆன் செய்தார். காலியாக இருந்த இடத்தில் எஸ்எஸ்டியின் பெயர் வந்தது. விரலை எடுத்துவிட்டுப் போட்டார். போய்விட்டது.

"இதப் புடிச்சு வைக்கிற ஸ்க்ரூ எங்கக்கா?"

மூடியின் ஸ்க்ரூக்களைத் தவிர எதையும் தொடவில்லை என்றாள்.

"அப்ப இவ்வளவு நாளா இது எதப் புடிச்சுகிட்டு நின்னுச்சு?"

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அடிமூடியைக் கழற்றியபோது தூசியோடு தூசியாக நீல நிறத்தில் ஒன்று விழுந்திருந்தது. பற்பசைப் பெட்டியில் கிழித்து, நாலாக மடித்தது. மூடிக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவே அவர் அதைச் செருகி அழுத்தி வைத்திருக்கிறார். அவள்தான் பெருக்கித் தள்ளினாள்.

"அட்டை," என்றாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கடுகளவு ஸ்க்ரூ ஒன்றைத் தேடி எடுத்து முடுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் ஆய்வேடு விட்ட வரியிலேயே திறந்தது. அக்கா அடிக்க ஆரம்பித்தாள். மேஜை ஆடியது. நிறுத்தினாள். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் முடுக்கினீங்களே. வீட்டுக்குன்னு ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டா கை தேஞ்சா போயிரும்?"

அவர் போனபின் அவள் அவரைத் திட்டுவது அதுதான் முதல் தடவை. ஆரம்பித்தது நிற்கவில்லை. நகல் எடுக்காமல் போனதற்கு, சொல்லாமல் போனதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே எழுந்து போய்ப் பற்பசைப் பெட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, மேஜைக் காலுக்கடியில் செருகினாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து அடித்தாள்.