லிலியேசியஸ் என்று எழுதிய தொட்டி

ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய வெள்ளைத் துண்டு ஒன்று. அதில் நீலப் பேனையால் ஒற்றைச் சொல்: 'லிலியேசியஸ்'. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில், எதிர்வீட்டு மிஸ்ஸின் பல்கனித் தொட்டியில் அது குத்தியிருந்தது. என் நாட்குறிப்பின்படி, குத்தியது போரின் கடைசிக் காலத்தில், ஒரு கார்த்திகை வெள்ளிக்கிழமை.

மிஸ் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், தனியே இருந்தார். தொட்டியில் நின்றது கார்த்திகைப்பூ. காணாமற்போன தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்து தன் கையால் நட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவனுடையதென்று அவரிடம் வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தப் பூவை, ஆயுதமேந்திப் போரிட்ட இயக்கத்தின் பூவாகவே அப்போது எல்லோரும் பார்த்தார்கள். பொலிஸ் வீடு வீடாகச் சோதனைக்கு வந்த நாட்கள் அவை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பயந்துபோய் வந்தார்.

"மிஸ், உதைப் பிடுங்குங்கோ. செக்கிங் வந்தால் எங்களையும் சேர்த்தெல்லோ ஜீப்பில ஏத்துவாங்கள்."

"இது லில்லிச் சாதி. எத்தினை கேசரம் எண்டு எண்ணிப் பாருங்கோ."

"எண்ணுறதுக்கு நான் உங்கட வகுப்பே, மிஸ்?"

அவர் போனதும்தான் மிஸ் அந்தத் துண்டை எழுதினார். லில்லியை ஒத்தது என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். மும்மூன்றாக ஆறு இதழ்கள், மகரந்தம் தாங்கும் ஆறு கேசரங்கள், பெரும்பாலும் மண்ணுக்குள் கிழங்கோ குமிழோ. பழைய நூல்கள் வெங்காயத்தையும் உள்ளியையும்கூட அந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தன. பின்னர் அதைப் பல குடும்பங்களாகப் பிரித்தார்கள். கார்த்திகைப்பூவும் வேறு குடும்பத்துக்குப் போனது. ஆனாலும் தோற்றத்தைச் சொல்ல அந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. மிஸ்ஸுக்கோ அன்று அது தொட்டியைக் காப்பாற்றும் சொல்.

அடுத்த வாரம் பொலிஸ் வந்தது. மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் பல்கனிக்குப் போனார். எழுத்தை அவர் பார்க்கவேயில்லை.

"மேக்க நியங்கலா நேத? அபே கெதரத் தியனவா," என்றார். கார்த்திகைப்பூவுக்குச் சிங்களத்தில் நியங்கலா; அவர்கள் வீட்டிலும் நிற்கிறதாம். பிறகு, யார் நட்டது என்று சாதாரணமாகக் கேட்டார்.

"மமய்," என்றார் மிஸ். நான்தான்.

அவர்கள் இறங்கிப்போன பின் மிஸ் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். "பூவைக் காப்பாத்திப்போட்டன். தம்பியை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்," என்றார். அதன்பின் அவர் பல்கனிக் கதவைத் திறந்து நான் கண்டதில்லை. தண்ணீர் ஊற்றியது நான்.

மிஸ் இறந்து இப்போது சில ஆண்டுகள். தொட்டி என் வீட்டில். கொடி ஆண்டுதோறும் பட்டுப்போய், மழைக்கு மீண்டும் முளைக்கிறது. அண்மையில் ஹெந்தளையில் அவருடைய மச்சாளைச் சந்தித்தேன். "தம்பியோ? அவன் ஒருநாளும் கொழும்புக்கு வரேல்லையே," என்றார். அப்படியானால் மிஸ் பொலிஸுக்குச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். மச்சாளுக்கு மறதி என்றும் சொல்கிறார்கள். கேட்டறிய வேறு எவரும் இல்லை. அந்தக் கிழங்கை நட்டது யார் என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.