சித்தப்பா பெல்ட் மாட்டிய காலம்

எங்கள் தெருவில் பிரிண்டிங் பட்டறைகள் மூன்று. மூன்றிலும் இந்த மாதம் ஒரே வேலைதான். குழந்தைகள் பனியனின் நெஞ்சில், முகமூடி போட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு பறக்கிறார். அடித்த துண்டுகளை எதிர்மாடியில் கம்பி கட்டிக் காயப்போடுகிறார்கள். நேற்று எண்ணினேன். கம்பிக்கு நாற்பது வீதம் பதினோரு கம்பி. காற்று வந்தால் நானூற்று நாற்பது பேரும் ஒரே பக்கமாகப் பறக்கிறார்கள். சாய வாடை ஜன்னல் வழியே வந்து என் தொண்டையைப் பிடிக்கிறது. சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

இந்தப் பறக்கும் மனிதர்களை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று ஒரு நாள் அந்தப் பட்டறைக்காரரிடமே கேட்டேன். அதெல்லாம் தெரியாதுங்க, ஓடுது, அடிக்கறோம் என்றார். எனக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்கும் ஒருவரைப் பிடித்திருந்தது. அவர் பறக்கவில்லை. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்தார். என் அப்பாவின் தம்பி.

அந்தக் கம்பெனியில் துணி பின்னும் மெஷின்கள் எட்டு இருந்தன. எட்டுக்கும் சேர்த்து மோட்டார் ஒன்றுதான். கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதைச் சாஃப்ட் என்பார்கள். சாஃப்டில் எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு தோல் பெல்ட் கீழே இறங்கி ஒரு மெஷினை ஓட்டும். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இரும்புக் கிளிப் போட்டு இணைத்திருப்பார்கள். வெயில் காலத்தில் தோல் தளர்ந்து, ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது ஏதாவது ஒரு பெல்ட் கழன்று விழும்.

விழுந்தால் மோட்டாரை நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். ஒரு பெல்ட்டுக்காக நிறுத்தினால் எட்டு மெஷினும் நிற்கும். நின்று மறுபடி ஓடும்போது எட்டுத் துணியிலும் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு விழுந்த துணியை முதலாளி தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு எல்லோரும் பயந்தார்கள்.

சித்தப்பா மோட்டாரை நிறுத்தமாட்டார். ஏணியில் ஏறி, இடக்கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் பெல்ட்டை, சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் வைத்து ஒரு தள்ளு தள்ளுவார். டப்பென்று ஒரு சத்தம். பெல்ட் ஏறி ஓடும். கையை எடுத்தது நம் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்பவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள். மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். விடுமுறை நாட்களில் பெல்ட் விழ வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டதும் உண்டு.

அவருடைய பெயர் கம்பெனியைத் தாண்டிப் பரவியது. பெல்ட் விழுந்தால், அவசர ஆர்டர் இருந்தால், வேறு கம்பெனிக்காரர்கள் சைக்கிளில் ஆள் அனுப்புவார்கள். கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்று வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்ட கம்பெனிகள் நான்கு. தெருவில் நாங்கள் விளையாடும் விளையாட்டில் யாராவது ஒருவன் சித்தப்பா ஆவான். மற்றவர்கள் கீழே நின்று மூச்சு விடுவார்கள். சொந்தச் சித்தப்பா என்பதால் அந்த வேடம் எனக்கே அதிகம் கிடைத்தது.

அப்பா அதே கம்பெனியில் மோட்டாரையும் மெஷின்களையும் பராமரிக்கிற பிட்டர். சித்தப்பா ஏணியில் ஏறும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது பொறாமை என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா முதலாளியிடம் வெகுநாளாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாஃப்டில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில், சும்மா சுற்றுகிற இன்னொரு சக்கரமும், பெல்ட்டை இங்கிருந்து அங்கே நகர்த்த ஒரு கவையும் கைப்பிடியும் வைத்துவிட்டால், பெல்ட் கழலாது. எந்த மெஷினை வேண்டுமோ அதைமட்டும் நிறுத்திக்கொள்ளலாம். யாரும் ஏணி ஏற வேண்டாம். சோமனூரில் இதைச் செய்து கொடுக்கிற பட்டறை இருப்பதாகவும் சொன்னார்.

முதலாளி மரியாதையாகத்தான் பதில் சொல்வார்.

"உங்க தம்பி இருக்கறப்ப அதெல்லாம் எதுக்குங்க?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார். நான் அப்பாவுக்காக வெட்கப்படுவேன்.

அந்த ஐப்பசியில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். கந்த சஷ்டிக்குக் கம்பெனியின் சார்பில் ஒருவர் காப்புக் கட்டி ஆறு நாள் விரதம் இருக்க வேண்டும். யார் என்ற கேள்விக்கே இடமில்லை. மஞ்சள் தடவிய தடித்த நூலை முறுக்கி, வலது மணிக்கட்டில் பூசாரி கட்டினார். கட்டியதும் கம்பெனியின் முப்பத்தொரு பேரும் வரிசையில் வந்து சித்தப்பாவின் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சூரசம்ஹாரம் முடிந்து மறுநாள் கோயிலில்தான் காப்பை அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் அவிழ்ப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. சித்தப்பா விரதத்தோடு வேலைக்கும் போனார். வெறும் பழமும் மோரும்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தது என்பதுதான் எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது.

விரதத்தின் நான்காம் நாள், அப்பா ஒரு சாமான் வாங்கச் சோமனூர் போயிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆறாவது மெஷின் பெல்ட் விழுந்தது. சித்தப்பா ஏணி ஏறினார். எப்போதும்போல உள்ளங்கையை வைத்தார். டப்பென்ற சத்தம் வரவில்லை. காப்புக் கயிற்றின் முடிச்சு பெல்ட்டின் இரும்புக் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. கை பெல்ட்டோடு மேலே போனது. மோட்டாரை நிறுத்த யாரோ ஓடினார்கள். ஆனால் அந்தச் சாஃப்ட் மோட்டார் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும்.

அதற்குமேல் எழுத வேண்டியதில்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. உயிர் பிழைத்தார்.

ஊர் இரண்டு விதமாகப் பேசியது. விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டார், அதுதான் சாமி கையை எடுத்துக்கொண்டது என்பது ஒன்று. இன்னொன்று, கை போன பிறகும் அவர் கத்தவில்லை, இடக்கையால் ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார் என்பது. அவர் கத்தினார். இறங்கவில்லை, விழுந்தார். நான் அங்கே இருந்தேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் சொன்னது இரண்டாவது கதையைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சித்தப்பா எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தார். அப்பா மறுபடி முதலாளியிடம் போய் அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பேசினார். பார்க்கலாங்க என்றாராம் முதலாளி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. அது மார்கழியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது.

முதலாளி வந்தார். கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கூடவே மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், பக்கத்தில் அவருடைய மனைவி. அந்தப் பெண் ஏழு மாத வயிற்றோடு, கையில் தாம்பாளம் பிடித்திருந்தார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஒரு வேட்டி. குருவுக்குத் தட்சிணை.

விஷயத்தை முதலாளி தணிந்த குரலில் சொன்னார். தெக்கத்திக்காரருக்கு நல்ல உடம்பு, பயம் என்பதே இல்லை, தானாகவே முன்வந்தார். சித்தப்பா அந்தக் கைப்பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். கம்பெனியின் பெயரும் நிற்கும், சித்தப்பாவின் பெயரும் நிற்கும்.

இளைஞர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"உங்களப் பத்தி எங்க ஊரு வரைக்கும் பேச்சுண்ணே. எனக்குக் கத்துக் குடுங்கண்ணே. சாகுற வரைக்கும் உங்க பேரச் சொல்லிட்டுத்தான் ஏணியில கால வைப்பேன்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. சித்தி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. என்ன மரியாதை தெரியாத சித்தி என்று நினைத்தேன்.

சித்தப்பா அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். பிறகு இளைஞரின் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடிபட்ட பின்பு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"கத்துக்குடுக்க என்னங்க இருக்குது? அது வித்தையே இல்லீங்க. நான் ஏணியேறுனதும் அண்ணன் அங்க சுவிட்ச ஒரு நொடி அமுத்திருவாரு. சாஃப்ட் தளர்ந்துக்கும். மெஷின் நிக்காது, துணியில கோடும் விழாது. அந்த நொடியில நான் மாட்டிப்போடுவேன். உங்களுக்கெல்லாம் ஓடற மாதிரிதான் தெரியும். கூத்து காட்டிட்டு இருந்தோமுங்க."

வந்தவர்களில் ஒருவர் கேட்டார், அப்படியானால் கை எப்படிப் போனது என்று.

"அன்னிக்கு அண்ணன் ஊர்ல இல்லீங்களே. பழக்க தோஷத்துல வெச்சுப்போட்டேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்று எனக்குச் சொல்லி, ஒருமுறை வைத்தும் விட்டவர் அப்பா. விருந்தாளி கேட்டால் வீட்டில் சர்க்கரை இல்லை என்பதைக்கூட ஒளிக்கமாட்டார். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க" என்றார். "நான்தானுங்க அமுத்துவேன்."

முதலாளியின் முகம் கறுத்தது. கம்பெனி ஆட்களில் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"உன்ற கையத் தொட்டுக் கும்பிட்டமே. முப்பத்தோரு பேரும் கும்பிட்டமே. உனக்குக் கூசலையா?"

வாசலில் ஒருவர் காறித் துப்பினார். அந்தப் பெண் தாம்பாளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு அதையும் எடுத்துக்கொண்டு கணவனின் பின்னால் போனார். போகும்போது அந்த இளைஞர் திரும்பிப் பார்த்தார். ஏமாந்த முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தெருவில் சித்தப்பா வேடத்துக்கு ஆள் வரவில்லை. சுவிட்சு என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அது என்னைப் பார்த்துக் கத்துவது. கோயிலில் சித்திக்குப் பிரசாதம் கொடுக்கிறவர் கையைத் தள்ளி நீட்டினார். சித்தப்பா இனி எந்தக் கம்பெனியிலும் கால் வைக்க முடியாது என்று ஆனது. வாட்ச்மேன் வேலைக்குக்கூட அவரை எடுக்கவில்லை, கூத்துக்காரன் என்று. அப்பா மட்டும் வேலையில் இருந்தார். அவருக்குப் பதில் பிட்டர் கிடைக்கவில்லை.

தை முடிவதற்குள் சோமனூரிலிருந்து அந்தச் சக்கரங்கள் வந்து இறங்கின. ஓடுகிற சாஃப்டில் பெல்ட் மாட்ட யாராலும் முடியாது, முடிந்ததாகச் சொன்னதும் பொய் என்று ஆகிவிட்ட பிறகு, முதலாளிக்கு வேறு வழி இல்லை. எட்டு மெஷினுக்கும் எட்டுக் கைப்பிடி. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் வாங்கின. தெக்கத்திக்காரர் பின்னாளில் மண்ணரையில் பத்துத் தையல் மெஷின் போட்டுத் தனியாகத் தொழில் செய்தார். பார்க்கும்போதெல்லாம் அவருடைய இரண்டு கைகளையும் நான் பார்ப்பேன். அவர் சித்தப்பாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

அந்த மார்கழிக்குப் பிறகு நான் சித்தப்பாவோடு பேசவில்லை. சோறு வைக்கச் சொன்னால் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் இடக்கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு எப்போதும் இல்லாதபடி, மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு மோசடிக்காரர்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, சித்தப்பன் மேல கோவமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன். அவர் தலையாட்டியது நினைவிருக்கிறது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார் போலும். எனக்கு இருபது வயதாகும்போது அவர் இல்லை.

எதையும் எண்ணிப் பார்க்கிறவன் நான். அன்று அந்த அறையில் ஒன்றே ஒன்றை எண்ணத் தவறிவிட்டேன். நான் மட்டுமல்ல, முதலாளியும், காறித் துப்பியவரும், அங்கே நின்ற ஒருவரும் எண்ணவில்லை. சித்தப்பா போய்ப் பெல்ட் மாட்டிய வேறு கம்பெனிகள் நான்கு. அந்த நான்கிலும் என் அப்பா ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.