தண்ணீருக்கு விட்ட இடம்

கோபிநாத்தின் இசை வாழ்க்கையை முடித்துவைத்தவன் நான். பம்பாய்க்காரர்கள் அல்ல. அவனுடைய திறமைக்குறைவும் அல்ல. நான்தான்!

நீங்கள் அவன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதற்கும் காரணம் நானே.

வில்லாபுரத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு சாக்ஸபோன் வாசிப்பான். வீட்டில் சிற்றலை வானொலியில் ஜாஸ் கேட்டுக் கேட்டு, அதைச் சாருகேசி ராகத்தோடு கலந்து சொந்தமாக ஒன்று அமைத்திருந்தான். இருபத்து மூன்று வயதில்! பம்பாயில் ஒரு ஜாஸ் குழு புதிய இசையமைப்பாளர்களைத் தேடிக்கொண்டிருந்தது. கேசட் அனுப்பச் சொன்னார்கள்.

என்னிடம் டேப் ரிக்கார்டர் இருந்தது. ஒரு பழக்கமும் இருந்தது. எதைப் பதிவு செய்தாலும், முடிவில் என் குரலில் இடமும் கிழமையும் தேதியும் சொல்லிவிடுவேன். தேதியில்லாத எதுவும் என்னைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை...

எண்பத்திரண்டு, தை மாதம். சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு நடுவே வெயில் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. கோபி, கிட்டார் வாசிக்கும் அவன் நண்பன், ஒரு மிருதங்கக்காரர். சற்றுத் தள்ளி, வாய்க்காலோரம் ஸ்டூலில் மைக். அதன் அருகில் நான்.

சாக்ஸபோன் எழுந்தது... இலைகளின் அடியில் புகைபோல் மிதந்து போயிற்று. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்தது. திடீரென்று எல்லாம் நின்றது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மைக்கை வாயருகே எடுத்து, "சோழவந்தான், வியாழக்கிழமை..." என்று முணுமுணுத்தேன். தேதியையும் சொல்லி முடித்தேன். சாக்ஸபோன் மறுபடி எழுந்தது!

வாசித்து முடித்ததும் கோபி ஓடி வந்தான்.

"அண்ணே, நாங்க நிறுத்துன எடத்துல வாய்க்கால் தண்ணி விழுந்துச்சா? அதுக்குத்தானே இம்புட்டு தூரம் வந்தது!"

காலையில் வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் அவன் எதையோ விளக்கிக்கொண்டே வந்திருந்தான். நான் ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அருமையா விழுந்திருக்கு மாப்ள. போட்டுக் காட்டவா?" என்றேன்.

"வேணாம்ணே. கேட்டா அம்பது எடத்துல மாத்தத் தோணும். இவன் வேற விடிஞ்சா துபாய்க்குப் பறக்குறான்."

"பறக்கறதுக்கு முந்தி சோத்தப் போடு மாப்ள" என்றான் கிட்டார்க்காரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உண்மையைச் சொல்லியிருந்தால்? திட்டியிருப்பான். அன்றே மறுபடி வாசித்திருப்பார்கள். வெளிச்சம் மீதி இருந்தது... ஆனால், எதிலும் பிசகாதவன் என்று பெயரெடுத்தவன் அல்லவா நான்!

வீட்டில் இன்னொரு டேப் ரிக்கார்டருக்கு அதைப் பிரதி எடுத்தேன். என் குரலையும் தண்ணீரையும் பிரிக்க முடியவில்லை. அந்த இடைவெளி முழுவதையும் விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இருந்த வாசிப்பை ஒட்டினேன். மூலத்தின்மேல் வானொலிச் செய்திகளைப் பதிந்தேன். பிரதியை நானே பம்பாய்க்கு அனுப்பினேன்.

பங்குனியில் பதில் வந்தது: வாசிப்பு அபாரம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாதவருடைய அமைப்பு.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நான் எங்கயுமே மூச்சு விடலையா?"

அந்தக் கணத்திலாவது சொல்லியிருக்கலாம்...

"கொஞ்சம் அவசரம்தான் மாப்ள" என்றேன்.

மூலத்தை அழித்ததைவிட, இடைவெளியை வெட்டியதைவிட, இந்த வார்த்தைதான்... அதன்பிறகு அவன் சொந்தமாக எதையும் அமைக்கவில்லை. தன் காதையே அவன் நம்பவில்லை.

சென்ற ஆவணியில் கே.கே. நகரில் ஒரு கல்யாண ஊர்வலம். கோபி சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு வந்தான். பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் பிறகு நிறுத்தினான். தேவையில்லாத இடத்திலெல்லாம் நிறுத்தினான். "என்னப்பா, வண்டி நின்னு நின்னு போகுது!" என்று மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தார்கள்.

கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, இப்ப மூச்சு விடுறேனா?"

நான் தலையசைத்தேன்.