சிவப்பு அரளி விழுந்தவர்

போன வாரம் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வாடகைக் காரில் போனேன். நாலுவழிச் சாலையின் நடுவே நெடுக அரளி வளர்த்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு செடி வெள்ளை, அடுத்தது சிவப்பு. பார்த்துக்கொண்டே வந்தவன் என்னையறியாமல் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். டிரைவர் பயந்துபோனார். “ஏனுங்க சாமி, வாந்தி வர்றாப்புல இருக்குதுங்களா?” என்றார். தொண்ணூறு வயதுக் கிழவன் நடுவழியில் நிறுத்தச் சொன்னால் வேறு என்ன நினைப்பார், பாவம். பூப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்குக் கவலை இன்னும் கூடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டோ, பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. எந்த நிறம் வந்ததோ அதுதான் வாக்கு. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இந்த வழக்கத்தைச் சொற்போர் மன்றத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது, பெயர் எதற்கு? எந்தத் தலைப்பானாலும் இரண்டு வாத்தியார்கள் மோத வேண்டும். யார் எந்தக் கட்சி என்பதைப் பூ தீர்மானிக்கும். தலைமையாசிரியரின் யோசனை அது. “பேசுனது பூவுங்க, நாம இல்லீங்க. எவனும் நம்ம மேல பழி போட முடியாது பாருங்க” என்பார். பயந்த மனுஷர்கள்தான் இப்படி அழகான வழிகளையெல்லாம் கண்டுபிடிப்பார்கள்.

யுத்த காலம். எனக்கு மீசை சரியாக முளைக்காத வயது. கதர்த் துண்டு போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தாலே சுதந்திரம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதத் தலைப்பு ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழில் நடந்தது சிப்பாய்க் கலகமா, விடுதலைப் போரா?’ என்பது. வெள்ளை வந்தால் கலகம், சிவப்பு வந்தால் போர். எனக்கு எதிர்ப்பேச்சு அருளப்பன் சார். சேலத்துக் கிறிஸ்தவர், சரித்திர வாத்தியார், வெளுத்த அரைக்கோட்டை எந்த வெயிலிலும் கழற்றாதவர். அவருடைய அப்பா முந்தின யுத்தத்தில் கடல் கடந்து போய் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்த சிப்பாய். சர்க்கார் கொடுத்த பென்ஷனில்தான் இவர் படித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது அவர்கள் வீட்டுச் சுவரிலேயே எழுதித் தொங்கும். தின்ற உப்புக்குத் துரோகம் செய்த கலகக்காரர்கள் என்றுதான் அவர் எப்போதும் பாடம் நடத்துவார்.

இலையைப் பிரித்தோம். எனக்கு வெள்ளை, அவருக்குச் சிவப்பு. ஆசிரியர் அறையே சிரித்தது. “உங்க சாமி என்னை வெச்சு விளையாடுதுங்க தம்பி” என்று அவரும் சிரித்தார்.

பேச்சுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். பள்ளி நூலகத்தில் ஒரு கனத்த சரித்திரப் புத்தகம் உண்டு. வெள்ளைக்காரர் எழுதியது, சர்க்கார் அனுப்பி வைத்தது. ஒருவரும் தொட்டதில்லை. அதை எடுத்துப் போய்ப் படித்தார். கும்பெனிப் பட்டாளம் ஊர் ஊராகக் கொளுத்தியது, மரத்துக்கு மரம் தூக்கில் போட்டது எல்லாவற்றையும் அந்த வெள்ளைக்காரரே மறைக்காமல் எழுதியிருந்தார். நாள் போகப்போக அருளப்பன் சார் என்னோடு வேடிக்கை பேசுவதை நிறுத்திக்கொண்டார். டீ வந்தால் ஆறவிடுவார்.

அன்றைக்கு அவர் பேசிய பேச்சை நான் இன்னும் கனவில் கேட்கிறேன், நம்புங்கள். குரலை உயர்த்தவேயில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கொளுத்தப்பட்ட ஊர்ப் பெயர்களை மட்டும் வாசித்தார். கூடம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தும் ஒரு தும்மல் இல்லை. அப்புறம் நான் எழுந்து கும்பெனியார் பக்கம் பேசினேன். கதர்த் துண்டோடுதான்! பூ விழுந்தாயிற்றே, என்ன செய்ய? ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன்.

யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல தமிழர், மரியாதையானவர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் அறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

“பூ விழுந்துச்சு, பேசுனீங்க. உங்க அபிப்பிராயம் அது இல்லை. இதை ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா உங்க சர்ட்டிபிகேட்டை என்னால காப்பாத்த முடியாது” என்று அருளப்பன் சாரிடம் சொன்னார்.

சர்ட்டிபிகேட் போனால் இந்த மாகாணத்தில் எந்தப் பள்ளியிலும் வாத்தியார் வேலை கிடையாது. அருளப்பன் சாருக்கு இரண்டு பெண்கள். வேறு தொழில் ஒன்றும் தெரியாது.

“பூ விழுந்தது நெசமுங்க. அதுக்கு முன்னாடி நான் வேற மாதிரி நெனச்சதும் நெசமுங்க. ஆனா படிச்சுப்புட்டனுங்களே. இப்ப நெனைக்கறதை நெனைக்கலைன்னு எப்படிங்க எழுதறது?”

“நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு இங்க யாரும் கேக்கலையே.”

“வாத்தியானை அதைக் கேக்காம வேற என்னத்தைங்க கேக்கறது?”

என் அபிப்பிராயமும் விடுதலைப் போர்தான் என்று நான் எழுந்து சொன்னேன். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பெட்டிஷனைப் பார்த்துவிட்டு, “நீங்க பேசுனது இதுல ரொம்ப ஒழுங்கா இருக்கு. உக்காருங்க” என்றார். என் உளறலுக்கு அவரிடமிருந்து பாராட்டே கிடைத்தது. அதைவிடக் கேவலம் என் வாழ்நாளில் இல்லை.

யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். அருளப்பன் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். “பூ விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுதுனா இவரு கை தேஞ்சா போயிரும்? நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி” என்றார். சார் மூத்த பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சர்ட்டிபிகேட் போயிற்று, வேலையும் போயிற்று. சரித்திர வகுப்பு என் தலையில் விழுந்தது. அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நின்றுகொண்டே நடத்தினேன். அதுவரை கேள்விமேல் கேள்வி கேட்ட பிள்ளைகள் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான் பயந்தேன். தலைமையாசிரியர் நெசவாளர் தெருவிலிருந்து பாவுக்குப் போடும் கஞ்சியை வாங்கிவந்து, நூலகப் புத்தகத்தில் அருளப்பன் சார் வாசித்த பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்தார். சர்க்கார் அப்படிச் சொல்லவேயில்லை, பயம் சொன்னது. புளித்த கஞ்சி வாசம் நூலகத்தில் மாதக்கணக்கில் நின்றது. கரப்பான் பூச்சிகள் கஞ்சியை நக்கி நக்கி, ஒட்டின பக்கங்கள் அங்கங்கே தாமாகவே பிரிந்துகொண்டன. கரப்பானுக்கு ஏது சர்க்கார்!

சுதந்திரம் வந்தது. புதிய பாடப்புத்தகமும் வந்தது. அதில் விடுதலைப் போர் என்றே போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்கு ஓடினேன். அருளப்பன் சார் அங்கே ஒரு நூல் மண்டியில் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தார். அரைக்கோட்டு இல்லை. உடம்பு பாதியாகியிருந்தது.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்” என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது. அப்புறம் கேட்டார்: “மன்றத்துல பேசுனீங்களா தம்பி? கலகம்ங்கற பக்கம் யாரு நின்னா?”

“அந்தப் பக்கம் யாரும் நிக்கக் கூடாதுங்க சார். தலைப்பே வேண்டாம்னுட்டாரு புது ஹெட்மாஸ்டர். இது இப்ப பாடமுங்க, அப்படியே மனப்பாடம் பண்ணோணும்.”

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். “அப்பறம் நான் என்னத்தைங்க ஜெயிச்சேன்?” என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தை இடித்து மாடிமாடியாகக் கட்டிவிட்டார்கள், மன்றம் என்று ஒன்று இருந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தினேன். நான் சொன்னதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். இல்லீங்க சார் என்று ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை.