சிறப்பு விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பு

ஆறு வருடத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரம். திருச்செங்கோடு பக்கம் ஓர் என்ஜினீயரிங் காலேஜில் ஆங்கிலத் துறையில் நான் சேர்ந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு வைத்தியம் என்று பத்து வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும் "செஞ்சிடறேங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்த காலம்.

எங்கள் கரஸ்பாண்டென்ட் மகன் இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நடிகர். நாடக மேடை, டிவி இரண்டிலும் நாற்பது வருடமாக நடிப்பவராம். அந்த வருடம் பொங்கல் பார்க்க மகனோடு கூடவே கிளம்பி வந்துவிட்டார். வெள்ளைக்காரர், அதிலும் நடிகர், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கரஸ்பாண்டென்ட் சும்மா விடுவாரா? ஆங்கில மன்றத் தொடக்க விழாவுக்கு அவர்தான் சீஃப் கெஸ்ட் என்று முடிவாகிவிட்டது. மேடையில் அவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் கரஸ்பாண்டென்ட். "மேடம், அவரோட ஹிஸ்டரியக் கொஞ்சம் வெயிட்டாப் படிங்க. ஊரே பேசோணும்" என்றார்.

பெயரை இன்டர்நெட்டில் போட்டதும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அடேயப்பா! எத்தனை விருது, எத்தனை நாடகம், எத்தனை ராஜா வேஷம். படம் ஒன்றே ஒன்று இருந்தது, இளவயதில் கிரீடமும் தாடியுமாக எடுத்தது. தாடிக்குள் யார் இருந்தால் நமக்கென்ன தெரியும்? இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். கண்ணாடி முன் நின்று நாலு நாள் பழகினேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் உண்டு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விழா அன்று காலை அவரைக் கூட்டி வரவும் என்னைத்தான் அனுப்பினார்கள். ஏற்காடு சுற்றிவிட்டு, மலை இறங்கினதும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கரஸ்பாண்டென்ட்டின் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தார். கரஸ்பாண்டென்ட் மகன் வேறொரு விசேஷத்துக்குப் போய்விட்டதால் காரில் நானும் அவரும் டிரைவரும் மட்டும். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் சிவந்த மூக்கு, கசங்கிய காட்டன் சட்டை. இவ்வளவு பெரிய நடிகருக்கு எவ்வளவு எளிமை என்று உருகிப் போனேன்.

ஒன்றரை மணி நேரப் பயணம். நான் ஒரு கேள்வி கூட அவரிடம் கேட்கவில்லை. சீஃப் கெஸ்ட்டைப் போய் "நீங்க என்னென்ன பண்ணியிருக்கீங்க" என்று கேட்டால் மரியாதைக் குறைவு என்பது எங்கள் எண்ணம். தெரிந்து வைத்திருக்க வேண்டியது நம் கடமை இல்லையா. அவரோ கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே வந்த ரிக் லாரியைப் பார்த்து அதன் முதுகில் படுத்திருப்பது என்ன என்றார். போர்வெல் போடும் மிஷின், என் அப்பா அதில்தான் வேலை பார்த்தார் என்றேன். அவ்வளவுதான், நூல் பிடித்த மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்டாஃப் ரூமில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த முன்பின் தெரியாத மனுஷரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவனுக்குச் சமைத்தே பழக்கம். உங்கள் ஊர்ப் பொங்கல் பானையைப் பார்த்து மிரண்டுவிட்டேன்." சிரித்தேன். அது மண்டையில் ஏறவில்லை.

ஆடிட்டோரியத்தில் எழுநூறு, எண்ணூறு பிள்ளைகள். குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்தி, ஆளுயர மாலையும் போட்டாகிவிட்டது. நான் மைக்கைப் பிடித்தேன். ஒவ்வொரு விருதுக்கும் கைதட்டல் கூரையைத் தொட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. அவர் மாலைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பக்கம் திருப்பினேன். "புகழ்பெற்ற நடிகையான மனைவியுடனும் மூன்று மகன்களுடனும்" என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். காலையில் காரில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஒருவனுக்குச் சமைக்கிறவருக்கு மூன்று மகன்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவரைப் பார்த்தேன். அதே சிரிப்பு. அவர் தலையை மிக லேசாக ஆட்டினார், பரவாயில்லை என்கிற மாதிரி. இதுவரை நான் படித்த எதுவும் இவருடையது இல்லை.

பின்னாலிருந்து கரஸ்பாண்டென்ட், "ஏனுங்க மேடம், நிறுத்திட்டீங்க? முழுசும் படிங்க, நல்லா இருக்குதுங்க" என்று கிசுகிசுத்தார். மேலே படித்தால் பொய். நிறுத்திச் சொன்னால் எண்ணூறு பேர் முன்னால் அவருக்கும் அவமானம், எனக்கு வேலையும் போகும். என்ன செய்தேன் தெரியுமா? கோழை மாதிரி, "மீதியை அவர் வாயாலேயே கேட்போம்" என்று பாரத்தை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். மைக் முன்னால் சும்மா நின்றார். கூட்டம் தானாக அடங்கும்வரை நின்றார். பிறகு, "என் தொழிலில் ஒருவர் பேசினால் எதிரே நிற்பவர் பதில் பேச வேண்டும். அவர் ஒரு வாழ்க்கையை வாசித்தார். இப்போது நான் ஒன்று சொல்கிறேன்" என்றார். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் கடைசி வரிசைப் பையன் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவர் சொன்னது என் வாழ்க்கையை.

எருமப்பட்டி பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே முட்டை பொறுக்கும் ஓர் அம்மா. ரிக் லாரியோடு வருடத்தில் பத்து மாதம் வடக்கே போய்விடும் அப்பா. இங்கிலீஷில் பேசிப் பார்க்க ஆள் கிடைக்காத ஒரு பெண், பள்ளி விட்டதும் பண்ணைக்குப் போய், கூண்டு வரிசைகளுக்கு நடுவே நின்று கோழிகளிடம் இங்கிலீஷில் பிரசங்கம் செய்தாள். "ஐயாயிரம் கோழிகள். நாற்பது வருட நாடக வாழ்க்கையில் எனக்கு ஒருநாளும் அவ்வளவு பெரிய கூட்டம் வந்ததில்லை. எழுந்து போனவரும் யாருமில்லை" என்றார். ஹால் அதிர்ந்தது. சத்தம் போட்டால் முட்டை குறையும் என்று சூப்பர்வைசர் துரத்தியதையும், மறுநாள் முதல் அவள் கிசுகிசுப்பாகவே பிரசங்கம் செய்ததையும் அதே கிசுகிசுப்பில் நடித்துக் காட்டினார்.

முதலில் எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சக ஆசிரியர்களிடம் அம்மா வீட்டில்தான் இருந்தார் என்று சொல்லி வைத்திருந்தவள் நான். ஆனால் அவர் என் அம்மாவைப் பற்றிச் சொன்ன விதம் இருக்கிறதே! நான் தாடிக்கார ராஜாவின் விருதுகளைப் படித்தபோது என் குரலில் என்ன மரியாதை இருந்ததோ, அதைவிடக் கூடுதலான மரியாதை அவர் குரலில் இருந்தது. ஒரு வார்த்தை மாறவில்லை, ஒன்றைக் கூட்டிச் சொல்லவில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலை குனிந்து வணங்கினார். பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

தன்னைப் பற்றி அவர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் நாட்டில் நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாதாம். இவர் சேரப் போனபோது அந்தப் பெயரில் இன்னொருவர் ஏற்கெனவே இருந்தார். அதனால் தன் அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு நடிக்க வந்தார். பக்கத்து வீட்டில் இருந்த கரஸ்பாண்டென்ட் மகனுக்குத் தெரிந்தது பாஸ்போர்ட் பெயர்தான், எனக்கு வந்ததும் அதுதான். அந்த இன்னொருவர்தான் பெரிய ஆளானார்.

அப்போதுதான் முதல் முறையாக, காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

சொன்னார். டிவியில் கதவைத் தட்டும் போலீஸ்காரர், கெட்ட செய்தி சொல்லும் டாக்டர், இரண்டு தடவை பிணம். மேடையில் பெரும்பாலும் மாற்று நடிகர் வேலை. கதாநாயகனின் வசனம் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு, அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஏறுவதற்காக நாடகம் நடக்கும் ஒவ்வொரு நாளும் திரைக்குப் பின்னால் தயாராகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாடகத்துக்கு அப்படி இரண்டு வருடம் காத்திருந்தார். மேடை ஏறியது மூன்று தடவை. மீதி நாளெல்லாம் என்ன செய்வீர்கள் என்றேன். "கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னொருவர் பேசுவதைக் கவனமாகக் கேட்பதுதான் என் வேலை" என்றார். காரில் நான் சொன்னது அவர் வாயில் ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது எப்படி என்று அப்போது புரிந்தது. என் இரண்டு பக்கத்தின் பின்புறத்தில், கார் குலுக்கலில் எழுத்துக் கோணக் கோண, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "கோழிகிட்டப் பேசுனதக் கூடவா சொல்லிப்போட்டே சாமி?" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. "ஏனுங்க மேடம், அத்தனையும் வேற ஆளோடதுங்களா? பேப்பர்லயெல்லாம் குடுத்தாச்சுங்களே!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி, தப்பாச் சொன்ன மைக்குலயே சரியாச் சொல்லிப்போடுங்க" என்றார்.

காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். நேற்று நான் வாசித்தது வேறொருவரின் வாழ்க்கை, விசாரிக்காமல் விட்டது என் தவறு என்று சொன்னேன். பிறகு கோணல் எழுத்தைப் பார்த்து அவருடையதை வாசித்தேன். போலீஸ்காரர், டாக்டர், இரண்டு பிணம், காத்திருந்த இரண்டு வருடம், மேடை ஏறிய மூன்று தடவை. நேற்று விருதுகளுக்குத் தட்டியதைவிட அந்த மூன்று தடவைக்குப் பிள்ளைகள் அதிகமாகத் தட்டினார்கள். யாரோ ஒரு மாணவி அதை வீடியோ எடுத்திருந்தாள். கரஸ்பாண்டென்ட் மகன் மூலமாக அவருக்கு அது போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "இதை இதுவரை யாரும் வாசித்ததில்லை."

பிறகு என் வேலையும் நிரந்தரமானது. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது வருகிற சந்தோஷம் அதில் இல்லை. கூடவே, அப்படி ஒரு மனுஷர் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்தேனே என்கிற வெட்கமும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.