முடிச்சுக்குள்ள இருந்த பச்ச

ஏகாம்பரண்ணா, இன்னிக்கு காலைல ராட்டையில தார்க்குச்சிக்கு நூல் சுத்திக்கினு இருந்தப்போ பச்ச நூலு அறுந்துச்சு. முடி போடலாம்னு ரெண்டு முனையையும் வாயில வெச்சு ஈரம் பண்ணேன். அந்தச் சாயத்தோட துவர்ப்பு நாக்குல பட்டுச்சு. அவ்ளோதான், நான் ராட்டைகிட்ட இல்ல. பாலாத்து மணலத் தாண்டி, கரம்பு மேட்டுல, உன் பின்னால நடந்துக்கினு இருந்தேன்.

இவன் யாருன்னு கேப்பீங்க. என் கூடப் பொறந்தவன். எனக்கு நாலு வயசு பெரியவன். மூணு வருசம் ஆவுது அவன் போயி. நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ, எழுத்துல தப்பு இருந்தா நீங்களே சரியா படிச்சுக்குங்க.

அவனுக்கு வேலை பாவு தூக்குறது. பாவுன்னா தறியில நீளவாக்குல போற நூலு. காஞ்சிபுரத்துல பாவு ஓட்டி, சுருட்டி, துணியில கட்டிக் குடுப்பாங்க. அத தோள்ல போட்டுக்கினு வெளியூர்த் தறிங்களுக்குக் கொண்டு போய்க் குடுக்கணும். மாகறல் பக்கம் நாலு தறி இருந்துச்சு. பஸ்சு காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. பஸ்சுல கூட்டத்துல பாவு நசுங்கிடும்னு இவன் நடந்துதான் போவான். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நடக்க அவனுக்குப் புடிக்கும், அதான்.

கரம்பு மேடு நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஆத்து மணல்ல கால் பொதைய பொதைய ஏறினா அந்தாண்ட தரை கொஞ்சம் கொஞ்சமா ஒசந்துக்கினே போவும். போறது தெரியாது. திரும்பிப் பாத்தாதான் கோயில் கோபுரமெல்லாம் கண்ணு மட்டத்துக்கு வந்து நிக்கும். மேல செகப்பு சரளை. வீடு கெடையாது, கெணறு கெடையாது. ஆவாரஞ்செடி, காரமுள்ளு, தூரத்துல ஏழு பனமரம். மத்தபடி காத்துதான். காத்துக்கு அங்க தடுக்க ஒன்னும் இல்லாததால அது சத்தமே போடாது, சும்மா பொடவைய புடிச்சு இழுத்துக்கினே இருக்கும். ஆவாரம்பூ வாசனை வெயில்ல வறுத்த மாதிரி வரும். ஆள்காட்டிக் குருவி நம்மளப் பாத்துட்டு கத்தும். அண்ணன் அதுக்கு பதில் சொல்லுவான், "நாங்கதாம்மா, பாவு கொண்டாறோம், கத்தாத."

மொதல்ல தொணைக்குப் போன அம்மாவுக்கு முட்டி புடிச்சுக்கினதுல இருந்து அவனுக்குத் தொணையா நான் போவேன். தொணைன்னா பேச்சுத் தொணை. ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னு என்ன நாடான்னுதான் கூப்புடுவான். தறியில இந்தாண்டயும் அந்தாண்டயும் ஓடுமே, அது.

"ஏ நாடா, வாய மூடிக்கினு நூறு அடி நட பாக்கலாம்."

"நடந்தா இன்னா குடுப்ப?"

"தோ, பேசிட்ட."

ஒரு தபா மேட்டு நடுவுல நின்னு, "முந்தி இது கடலா இருந்துச்சாம், காத கீழ வெச்சுக் கேளு"ன்னான். நான் சரளையில படுத்து காத வெச்சேன். நெஜமாவே என்னமோ கேட்டுச்சு. எழுந்திருச்சுப் பாத்தா அவன் எங்கியோ தூரத்துல, தோள்ல பாவோட, சின்னதா போய்க்கினு இருக்கான். கன்னமெல்லாம் கல்லு பதிஞ்சு அழுதுக்கினே ஓடினேன். அந்தச் சத்தம் இன்னான்னு இன்னிக்கும் தெரியல. அவன் காலடிச் சத்தமா இருக்கும்.

வழிய சொல்ல வந்தேன். மேட்டுல வழி ஒன்னில்ல, ஆட்டுத் தடம், மாட்டுத் தடம், மழைத் தண்ணி ஓடின தடம், எல்லாம் வழி மாதிரியே இருக்கும். அதுக்காவ பாவு தூக்குறவங்க ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. தறியில மிச்சமாவுற துண்டுப் பட்டு நூல மடியில வெச்சிருப்பாங்க. வழி பிரியுற எடத்துல முள்ளுச்செடியில கட்டிடுவாங்க. பச்சைன்னா மேட்டு வழி, பனமரத்தத் தொட்டுக்கினு நேரா மாகறல். மஞ்சன்னா ஏரி வழி, சுத்து, மழை நாள்ல கரை மேலயே நடக்கணும். பட்டுன்றதால காத்துக்கு அறுந்து போவாது. தூரத்துல இருந்து பாத்தா யாரோ ரிப்பன் கட்டின பொண்ணு முள்ளுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குற மாதிரி இருக்கும்.

அவனோட கடைசிச் சித்திரையில அண்ணன் எனக்குன்னு புதுசா கட்டினான். வழி பிரியுற எடத்துல வலப்பக்கத்துச் செடியில பச்ச, எடப்பக்கத்துல மஞ்சள்.

"நானு எதுக்குத் தனியா வரப்போறேன்?"ன்னேன்.

"வரமாட்டியா? எனக்கு ஒன்னுன்னா வரமாட்டியா நீ?" சிரிச்சுக்கினே பல்லால இழுத்து ரெண்டாவது முடி போட்டான்.

ஐப்பசியில மாகறலுக்குப் போனவன் வரல. நாலாம் நாளு காலைல, மாகறல்ல இருந்து எண்ணெ வாங்க டவுனுக்கு வந்த ஒருத்தர் எங்க வாசல்ல சைக்கிள நிறுத்தினாரு. "உங்க பையனுக்கு ஜொரம்மா. கண்ணே தொறக்கல. நாடா நாடான்னு பெனாத்துறான், தறிக்காரங்க யாருக்கும் ஒன்னும் புரியல."

எங்களுக்குப் புரிஞ்சுச்சு. காலைப் பஸ்சு போயிடுச்சு. அம்மாவால நடக்க முடியாது. ஜொரத்துல அவன் நாக்கு கேக்குறது எப்பவும் எலுமிச்சை ஊறுகா ஒன்னுதான். அம்மா அத எலையில கட்டி என் மடியில சொருகி, "ஜல்தி போ, எங்கியும் நிக்காத"ன்னாங்க.

ஆத்துல கணுக்கால் தண்ணி. மேட்டுல தூறல். பெரிய மழை இல்ல, ஆனா பனமரம் ஏழும் காணோம், வெள்ளையா தெரை போட்ட மாதிரி. வழி பிரியுற எடத்துக்கு வந்தேன். நூறு தரம் வந்த எடம்தான். ஆனா நூறு தரமும் நான் அவன் முதுகப் பாத்துக்கினு வந்தவ, வழியப் பாத்ததில்ல. எந்தப் பக்கம் எந்த நூலக் கட்டினான்னும் நெனவு வரல. நூலத் தேடினேன். எடப்பக்கத்துச் செடிய ஆடு மேஞ்சிருந்துச்சு, மொட்டைக் குச்சி. வலப்பக்கத்துச் செடியில நூல் இருந்துச்சு. மஞ்சள் நூல்.

மஞ்சன்னா ஏரி வழி. அதனால நான் எடப்பக்கம் போனேன்.

ரொம்ப தூரம் ஓட்டமும் நடையுமா போயிட்டேன். பனமரம் வரல. எதுத்தாப்புல தண்ணிதான் வந்துச்சு, மேகத்த கீழ விரிச்சுப் போட்ட மாதிரி ஏரி. கரையில கோணிய தலையில கவுத்துக்கினு ஒரு ஆட்டுக்கார அம்மா நின்னாங்க.

"மாகறலுக்கா? இப்படியா வருவாங்க? கரை ஒடைஞ்சு கெடக்குது, தாண்ட முடியாது. வந்த வழியே போயி பனமரத்த புடி."

"அங்க மஞ்சள் கட்டியிருந்துச்சும்மா."

"மஞ்சளோ செவப்போ எனக்கு இன்னா தெரியும். பட்டு நூல என் ஆடு தின்னாம இருந்தா சரி. போ கண்ணு, நனையாத."

திரும்பி நடக்குறப்போதான் எனக்கு ஒறைச்சுச்சு. பச்சைக்குன்னு தனிச் சாயம் கெடையாது. மொதல்ல மஞ்சள்ல முக்குவாங்க, அப்பால நீலத்துல முக்குவாங்க. மட்டமான நீலமா இருந்தா வெயில்ல அது மொதல்ல ஓடிடும், மஞ்சள் மட்டும் நிக்கும். இத எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. எங்க தெருவுல தவழுற கொழந்தைக்குத் தெரியும். சித்திரை, வைகாசி, ஆனி, மூணு மாச வெயில். தறிக்கார வீட்டுப் பொண்ணு நான், சாயம் போன பச்சைய மஞ்சன்னு நம்பினேன்.

மாகறல் போய்ச் சேந்தப்போ உச்சி சாஞ்சு போச்சு. தறிக்காரர் வீட்டம்மா வாசல்லயே என்ன கட்டிக்கினாங்க. ஒன்னும் கேக்கத் தேவையில்லாத மாதிரி கட்டிக்கினாங்க. உள்ள தறிமேடைக்குப் பக்கத்துல பாய்ல அவன் கெடந்தான். நெத்தி இன்னும் சுடுறாப்புலயே இருந்துச்சு.

"காலைல நெனவு வந்துச்சும்மா. உனக்கு ஆள் அனுப்பிருக்கோம்னு சொன்னேன். மழையாச்சே, உன் தங்கச்சி தனியா எப்படி வருவான்னு கேட்டேன். 'பச்ச கட்டியிருக்கேன், அத புடிச்சுக்கினு வந்துடுவா'ன்னான். வாசலயே பாத்துக்கினு இருந்தான். இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி."

மடியில ஊறுகா எலை நனைஞ்சு, பொடவையெல்லாம் எலுமிச்சை வாசம். இன்னிக்கும் யாராவது எலையப் பிரிச்சா நான் எழுந்து கொல்லைப் பக்கம் போயிடுவேன். அம்மாகிட்ட வழி தப்பினத சொல்லல. மழையால நேரமாச்சுன்னேன். மூணு வருசமா அதையேதான் சொல்லிக்கினு இருக்கேன். இப்போ எழுதிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

காரியமெல்லாம் முடிஞ்சு, ஒரு நாள் தனியா மேட்டுக்குப் போனேன். அந்த நூல் அங்கியேதான் இருந்துச்சு. ரெண்டு முடி. மேல் முடிய நகத்தால நெம்பினேன், வரல. அவன் மாதிரியே பல்லால கடிச்சு இழுத்தேன். அவுந்துச்சு. உள்ள, வெயிலு படாத எடத்துல, அரை வெரக்கடை நீளத்துக்கு, நல்ல பச்ச. கிளிப் பச்ச.

இப்போ மேட்டுல தைல மரம் நட்டுட்டாங்க. வரிசை வரிசையா, பாவு இழை மாதிரி. ஆவாரஞ்செடிய வேரோட எடுத்துட்டாங்க. ஏழு பனையில ரெண்டு இருக்குது. சரளைய வாரி ரோடு போட்டு, ஒரு நாளைக்கு ஆறு பஸ்சு ஓடுது. பாவு பஸ்சு மேல போவுது, நசுங்கல. ஆள்காட்டிக் குருவி எங்க போச்சுன்னு தெரியல. முள்ளுல நூல் கட்டுறவங்க யாரும் இல்ல, வழி தப்புறவங்களும் இல்ல. பஸ்சுல ஒக்காந்தா அந்த மேட்டுல ஏறுறதே தெரியல. அப்போவும் தெரியாதுதான், ஆனா அப்போ திரும்பிப் பாப்போம்.

அந்தத் துண்டு நூல் என்கிட்ட இருக்குது. மஞ்சப் பக்கம் வெளிய தெரியாம மடிச்சு வெச்சிருக்கேன்.

இத படிக்கிறவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரி, கோயிலோ மசூதியோ சர்ச்சோ, ஒரு நிமிசம் எங்க ஏகாம்பரத்துக்காவ வேண்டிக்குங்க. அவன் இப்போ நடக்குற எடம் எதுவோ, அங்க யாராவது அவனுக்கு வழி சொல்லணும்னு வேண்டிக்குங்க. நான் வந்துக்கினுதான் இருந்தேன்னு அவனுக்குத் தெரியணும்னும் வேண்டிக்குங்க.