சூடு தெரியாத கை

இடது கை காலரின் நுனியை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கை இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிறது. ஆனால் காலரில் வைப்பதில்லை. சட்டையின் அடிமடிப்பில், யார் கண்ணுக்கும் படாத ஓர் ஓரத்தில், லேசாக ஒற்றி எடுக்கிறது. துணி சுருங்கவில்லை. பளபளப்பு ஏறவில்லை. அதன் பிறகுதான் பெட்டி காலருக்கு வருகிறது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் 'பருத்தி' என்று போட்டிருப்பதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "சீட்டுல ஆயிரம் எழுதுவான் சார். எழுதறவனுக்கு என்ன, கருகிப் போனா என் தலையிலதான விடியும்?"

இந்த இஸ்திரிக்காரர் எதையும் முதல் தடவையில் நம்புவதில்லை. துணி கொடுப்பவர் கையை எடுப்பதற்குள் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிடுவார். கறை இருந்தால் அதன் மேல் விரலை வைத்து, "ஆமா, முன்னாடியே இருந்துச்சு" என்று கொடுத்தவர் வாயாலேயே சொல்ல வைப்பார். மழை வராது என்று வானொலி சொன்னால், அன்றைக்குத்தான் வாசலில் பிளாஸ்டிக் படுதாவை இறக்கிக் கட்டுவார்.

கடை என்று பெயரே தவிர, அது வீட்டின் முன்னறை. தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல், அதையொட்டி மேசை, மேசை மேல் பழைய கம்பளி விரித்து அதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. பின்னால் ஒரு திரை. திரைக்கு அப்பால் குடும்பம். மனைவி ரொட்டித் தொழிற்சாலைக்கு இருட்டோடு கிளம்பிப் போய்விடுகிறார். ஆகவே, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கிளப்பிப் பள்ளி வேனில் ஏற்றுவது இவர் பாடு. மகளை அவர் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுகிறார். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்டு அவள் சம்பாதித்த பட்டம் அது.

வக்கீல் மேல் அவருக்கிருக்கும் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு. போன மாதம் கணக்குப் பரீட்சையன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். வேன் தெருமுனை திரும்பியதும் வயிற்றுவலியும் அதிலேயே ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் காலையில் லேசாக முனகினால் போதும், "என்ன பரீட்சை இன்னைக்கு?" என்பதுதான் அவர் கொடுக்கும் முதல் மருந்து.

நேற்றைய காலை நிலைமை தலைகீழாக இருந்தது. எழுப்பாமலே எழுந்து, குளித்து, சீருடை போட்டு, செருப்பில்லை, ஷூவே போட்டு, அதன் நாடாவையும் தானே கட்டி, பையை மாட்டிக்கொண்டு வக்கீல் திரைக்கு வெளியே வந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தன் சட்டைக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரர், "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார். அப்பா அப்படி நினைக்கவில்லை.

"என்ன வக்கீலு, இன்னைக்கு இவ்ளோ சுறுசுறுப்பு?"

"இன்னைக்கு ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்கல்ல? ஏரோப்ளேன் உள்ளேயே ஏறிப் பாக்கலாம்னு மிஸ் சொன்னாங்க."

"அது தெரியும். குரல் ஏன் கம்மிக் கெடக்கு?"

"காலைல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"சோப்பு பட்டுடுச்சு. வேணும்னா தொட்டுப் பாரேன்." கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு நெற்றியை நீட்டினாள்.

மற்ற நாட்களில் தொட வந்தாலே ஓடுகிறவள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தார்.

"ஜில்லுனுதான் இருக்கு."

"அதான் சொன்னேன்ல!"

பதில் வந்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விடிந்ததிலிருந்து பெட்டியைப் பிடித்த கை. அதற்கு அந்தப் பெட்டியைத் தவிர உலகத்தில் எல்லாமே ஜில்லென்றுதான் இருக்கும். துணிக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் கையை முக்கி, உதறிவிட்டு, மறுபடி நெற்றியில் வைத்தார்.

"அடியே, கொதிக்குது!"

"ஐஸ் கையால தொட்டா கொதிக்கத்தாம்பா செய்யும். போங்காட்டம் ஆடாத."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "எதுக்கு இந்த வம்பு? கடையில தெர்மாமீட்டர் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம் சார். கருவியும் உங்களது, மாத்திரையும் உங்களது. அது வேற எப்படிச் சொல்லும்?"

"அடப்பாவி மனுஷா!"

இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. போகவிட்டு, அங்கே போய்க் காய்ச்சல் ஏறினால், ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையத்திலிருந்து யார் தூக்கி வருவது? நிறுத்திவைத்து, மத்தியானம் அவள் ஒன்றுமே இல்லாதவள் மாதிரி ஓடி ஆடினால்? பிள்ளைக்கு விமானத்தைக் காட்டாமல் ஏமாற்றிய அப்பன் என்று ஆகிவிடும். அடுத்த வருஷம் இவள் போகும் மூன்றாம் வகுப்பை அங்கே கூட்டிப்போக மாட்டார்கள். "இதுக்கு இவ சாகற வரைக்கும் அப்பீல் போவா சார்" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி சட்டைக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. மகள் வாசலுக்கு ஓடும் சத்தம் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த அறையில் காலையிலேயே வேக்காடு. அதற்குப் பயந்துதான் மருந்துக்கடைக்காரரே உள்ளே வராமல் வெளியில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வக்கீலோ, விடுதிக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகளை இப்போதுதான் தேய்த்து அடுக்கி வைத்திருந்த பெஞ்சின் அருகில் நின்றாள். முதுகில் பையோடு, அந்தச் சூடான அடுக்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் பதித்திருந்தாள்.

"அங்க என்ன பண்ற?"

"சும்மா. கதகதன்னு நல்லாருக்கு."

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாசலுக்கு வந்துவிட்ட வேனைப் பார்த்து, "இன்னைக்கு வரல!" என்று கத்தினார்.

"ஏர்போர்ட் போற நாளாச்சேண்ணே!" என்றார் வேன் ஓட்டுநர்.

"தெரியும். நீ கெளம்பு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று அலறினாள் வக்கீல். வேன் நிற்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷூவைக் கழற்ற வந்த அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். "நீ பொய்க்காரன். கைய நனைச்சு ஏமாத்துற. உன்கூடப் பேச மாட்டேன்."

அவர் மேசைக்கு வந்து, பெட்டியைத் தொடாமல் நின்றார். குரலைத் தணித்து, "ஒருவேளை ஒண்ணுமே இல்லையோ சார்?" என்று கேட்டார். அவர் இன்னொருவரிடம் அபிப்பிராயம் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"வேன் போனப்புறம் கேட்டா? சரி, என் சட்டை?"

"இருங்க சார்."

அரைகுறையாகத் தேய்த்த சட்டையை ஓரம் தள்ளிவிட்டு, திரைக்குப் பின்னால் போய் மகளின் போர்வையை எடுத்து வந்தார். மேசையில் விரித்து இரண்டு பக்கமும் தேய்த்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக் கொண்டுபோய் நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி வாங்கினாள். கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, அவரைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"சூடு பத்தல."

அவர் பெட்டியின் திருகை ஒரு புள்ளி ஏற்றினார். போர்வையை மறுபடி விரித்து, மெதுவாக அழுத்தித் தேய்த்தார். இந்த முறை மடிக்க நிற்கவில்லை. சூடு ஆறுவதற்குள் இரண்டே எட்டில் வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அதை அவள் மடியில் வைத்தார்.